மாவட்ட நலவாழ்வு அட்டவணையைப் படிக்கும் முறை

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவுடன் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய ‘இண்டியாப்’ ஆய்வின் நாடு தழுவிய முடிவுகள் 2023 ஜூன் மாதத்தில் வெளியாயின. 20 வயதும் அதற்கு மேலும் ஆன 1,13,043 பேரைப் பரிசோதித்த அந்த ஆய்வு, கோவாவில் 26.4 சதவீதத்தினருக்கும் உத்தரப் பிரதேசத்தில் 4.8 சதவீதத்தினருக்கும் நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. ஒரே நாட்டுக்குள் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு என்றால், கோவாக்காரர் என்ன சாப்பிடுகிறார், உத்தரப் பிரதேசத்துக்காரர் எப்படி உழைக்கிறார் என்று காரணம் தேடத்தான் எவருக்கும் தோன்றும். ஆனால் அதே ஆய்வு, உத்தரப் பிரதேசத்தில் நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள், அதாவது சர்க்கரை அளவு இயல்பைத் தாண்டியும் நோயின் வரம்பைத் தொடாதவர்கள், 18 சதவீதம் என்றும் கூறியது. அங்கே ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ நான்கு பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். முதல் எண்ணோடு நின்றுவிட்டவருக்கு அந்த மாநிலம் ஆரோக்கியமான மாநிலமாகத் தெரியும். இரண்டாவது எண்ணையும் படித்தவருக்கு, மருத்துவச் செலவு இனிமேல்தான் வரப்போகிற மாநிலமாகத் தெரியும்.

தன் மாவட்டத்தைப் பக்கத்து மாவட்டத்தோடும் மாநிலத்தோடும் ஒப்பிட்டுப் பேச வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக, அதாவது உள்ளூர்ச் செய்தியாளர், ஊராட்சி மன்றத் தலைவர், பொது சுகாதாரம் படிக்கும் மாணவர், தன்னார்வலர் போன்றவர்களுக்காக, இந்த வழிமுறையை எழுதுகிறேன். புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. அச்சிட்ட தாளும் பென்சிலும் கைப்பேசியில் உள்ள கணிப்பானும் போதும்.

எந்தத் தாளை எடுப்பது

மாவட்ட அளவில் கிடைப்பவற்றுள் முதலில் எடுக்க வேண்டியது தேசிய குடும்ப நல ஆய்வின் மாவட்டத் தகவல் தாள். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 1992-93 முதல் இந்த ஆய்வை நடத்தி வருகிறது. மாவட்ட வாரியான மதிப்பீடுகள் 2015-16இல் நடந்த நான்காம் சுற்றில்தான் முதன்முதலாக வந்தன. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்று 707 மாவட்டங்களுக்குத் தனித்தனித் தாள் வெளியிட்டது; அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

தாளைத் தேடும்போதே முதல் தடங்கல் வரும். ஐந்தாம் சுற்று 2017 மார்ச் இறுதியில் இருந்த மாவட்ட எல்லைகளைப் பின்பற்றியது. ஆகவே இன்று 38 மாவட்டங்கள் உள்ள தமிழ்நாட்டுக்கு அதில் 32 தாள்களே உண்டு. தென்காசிக்காரர் திருநெல்வேலித் தாளையும், மயிலாடுதுறைக்காரர் நாகப்பட்டினம் தாளையும், கள்ளக்குறிச்சிக்காரர் விழுப்புரம் தாளையும், செங்கல்பட்டுக்காரர் காஞ்சிபுரம் தாளையும், ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் சேர்ந்தவர்கள் வேலூர்த் தாளையும் எடுக்க வேண்டும். பழைய வேலூர்த் தாளின் எண்ணை இன்றைய வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகையால் பெருக்கி, இத்தனை ஆயிரம் நோயாளிகள் என்று அறிக்கை எழுதினால் அது முழுத் தவறாகிவிடும். கூடவே, தமிழ்நாட்டில் அந்தச் சுற்றின் களப்பணி 2020 மார்ச் ஊரடங்கினால் பாதியில் நின்று, பல மாதங்கள் கழித்துத் தொடர்ந்தது என்பதையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புகையிலைக்கு 2016-17இல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வு உண்டு. அது மாநில அளவோடு நின்றுவிடும். இண்டியாப் ஆய்வும் அப்படியே. புற்றுநோய்க்கு, 1980களின் தொடக்கத்தில் சென்னை, மும்பை, பெங்களூரு ஆகிய நகரங்களோடு தொடங்கி விரிந்த தேசியத் திட்டத்தின் பதிவேடுகள் இருக்கின்றன. இறப்புக் காரணங்களைப் பொறுத்தவரை, 2020இல் நாட்டில் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவர் காரணச் சான்று இருந்தது என்பதால், அந்த எண்களை வைத்து மாநிலங்களை ஒப்பிடுவதில் மிகுந்த கவனம் தேவை.

வரியின் முழுப்பெயரைப் படியுங்கள்

தாளின் கடைசிப் பக்கங்களில் சர்க்கரை பற்றிய வரிகள் இருக்கும். அவசரத்தில் பலர் அவற்றை ‘சர்க்கரை நோயாளிகள்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வரி உண்மையில் சொல்வது, இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களும் அதைக் கட்டுப்படுத்த மருந்து எடுப்பவர்களும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்பதையே. பணியாளர் வீட்டுக்கு வந்த நேரத்தில் விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தம்தான் அதற்கு ஆதாரம். காலையில் நான்கு இட்லியும் சர்க்கரை போட்ட காப்பியும் முடித்து முக்கால் மணி நேரம் ஆனவரும், மதியம் வரை ஒன்றும் சாப்பிடாமல் வயலிலிருந்து வந்தவரும் ஒரே வரியில் எண்ணப்படுகிறார்கள். இண்டியாப் ஆய்விலோ, வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் சோதித்தார்கள். இரண்டும் அவற்றின் அளவில் சரியான முறைகளே. ஆனால் ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிட்டுக் கூடியது, குறைந்தது என்று சொல்ல இடமில்லை.

உயர் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி 15 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 21.3 சதவீதமும் ஆண்களில் 24 சதவீதமும். இண்டியாப் ஆய்வுப்படி 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 35.5 சதவீதம். நாடு ஒன்று, 140/90 என்ற வரம்பும் ஒன்று. வயதுக் கீழ்வரம்பு ஐந்தாண்டு தள்ளியிருப்பது மட்டும் இவ்வளவு இடைவெளியை உண்டாக்காது. மாதிரியைத் தேர்ந்த விதம், அளந்த விதம், ஆண்டுகள் எல்லாம் வேறு. இண்டியாப் 2008இல் தொடங்கி 2020 வரை மாநிலம் மாநிலமாக நகர்ந்த ஆய்வு. தமிழ்நாடு அதன் முதல் கட்டத்திலேயே முடிந்துவிட்டது. ஒரு மாநிலத்தின் 2010ஐயும் இன்னொரு மாநிலத்தின் 2019ஐயும் ஒரே நிற வரைபடத்தில் பார்க்கிறோம் என்பதை வரைபடம் தானாகச் சொல்லாது.

ஆகவே முதல் விதி இது: ஒப்பிடும் இரண்டு எண்களும் ஒரே ஆய்வின் ஒரே சுற்றில் ஒரே வரியிலிருந்து வந்திருக்க வேண்டும். கால ஒப்பீட்டுக்கும் இது பொருந்தும். நான்காம் சுற்றில் சர்க்கரையும் அழுத்தமும் 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கும் 15 முதல் 54 வயது ஆண்களுக்கும் மட்டுமே அளக்கப்பட்டன. ஐந்தாம் சுற்றில் மேல்வரம்பு எடுக்கப்பட்டு முதியோரும் சேர்ந்தனர். அதனால்தான் ஐந்தாம் சுற்றுத் தாளில், அந்த வரிகளுக்கு நேரே முந்தைய சுற்றின் கட்டத்தில் எண் இருக்காது. அந்த வெற்றிடத்தைப் பழைய அறிக்கையிலிருந்து நீங்களாக நிரப்பி, ஐந்தாண்டில் நோய் இரட்டிப்பானது என்று எழுதாதீர்கள். எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யார் சொன்ன பதில்

இரத்த அழுத்தத்தைக் கருவி அளக்கிறது. புகையிலையையும் மதுவையும் ஆள்தான் சொல்ல வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்டோரின் புகையிலை, மதுப் பழக்கம் பற்றிய வரிகள், வீட்டில் பதில் சொல்ல முன்வந்த ஒருவரிடம் ஒவ்வோர் உறுப்பினரைப் பற்றியும் கேட்டு நிரப்பும் குடும்பப் படிவத்திலிருந்து வருபவை. திண்ணையில் மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்க, வாசலில் நிற்கும் பெண் பணியாளரிடம் மருமகள் பதில் சொல்லும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் குடிப்பாரா என்ற கேள்விக்கு அவர் உண்மையைச் சொல்லிவிடலாம். கல்லூரிக்குப் போகும் மகன் புகைப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். மாமியார் வாயில் இருக்கும் புகையிலையைப் புகையிலை என்றே அந்த வீட்டில் யாரும் எண்ணாமல் இருக்கலாம்.

இந்தத் தயக்கம் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இருந்தால் ஒப்பீடு கெடாது. அது அப்படி இருப்பதில்லை. மது அருந்தும் ஆண்கள் தெலங்கானாவில் 43.3 சதவீதம், தமிழ்நாட்டில் 25.4, பீகாரில் 15.5, குஜராத்தில் 5.8, லட்சத்தீவில் 0.4. கடைசி மூன்றிலும் மதுவிலக்கு உண்டு. பீகாரில் அது 2016 ஏப்ரலில் வந்தது. சட்டப்படி குற்றமான ஒன்றை, அரசு அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வந்திருப்பவரிடம் ஒப்புக்கொள்ள யார் துணிவார்? எனவே குஜராத்தின் எண்ணில் எவ்வளவு குடியாமை, எவ்வளவு சொல்லாமை என்று அந்தத் தாளை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பெண்களின் மதுப் பழக்கத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அருணாச்சலப் பிரதேசத்தில் 24 சதவீதப் பெண்கள் என்றும் தமிழ்நாட்டில் 0.3 சதவீதம் என்றும் பதிவாகியிருக்கின்றன. அருணாச்சலத்தில் வீட்டில் வடிக்கும் அரிசி மது விருந்தோம்பலின் பகுதி, அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. இங்கே ஒரு பெண் அதைச் சொல்லிவிட்டு ஊரில் இருக்க முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும். வேறுபாடு மெய்யாகவே பெரியதுதான். அதன் சரியான அளவு மட்டுமே சந்தேகத்துக்குரியது.

வயதைக் கழித்துப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். எனவே இங்கே சற்று நிற்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் கேரளத்தில் 12.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4, பீகாரில் 7.4. நீரிழிவும் இரத்த அழுத்தமும் வயதோடு ஏறும் நோய்கள் என்பதால், முதியோர் மிகுந்த மாநிலத்தில் அவை மிகுந்திருப்பது எதிர்பார்க்க வேண்டியதே.

கற்பனையாக இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 20 முதல் 39 வயதினரில் 5 சதவீதம், 40 முதல் 59 வயதினரில் 20 சதவீதம், 60ஐத் தாண்டியவர்களில் 30 சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறது. அதாவது எந்த வயதுக்காரர் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் ஆபத்து ஒன்றே. முதல் மாவட்டத்தில் அந்த மூன்று வயதுப் பிரிவினரும் நூற்றுக்கு 50, 33, 17 என்று இருக்கிறார்கள். அதன் மொத்த விகிதம் 2.5, 6.6, 5.1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை, அதாவது 14.2 சதவீதம். இரண்டாவது மாவட்டத்தில் அவர்கள் 60, 30, 10 என்று இருக்கிறார்கள். அதன் விகிதம் 3, 6, 3 கூட்டினால் 12 சதவீதம். வாழ்க்கை முறையில் எந்த வேறுபாடும் இல்லாமலேயே இரண்டு புள்ளிகளுக்கு மேல் இடைவெளி வந்துவிட்டது. இதைச் சரிசெய்ய, இரண்டுக்கும் பொதுவாக 55, 32, 13 என்பது போன்ற ஒரே வயதுப் பகிர்வை வைத்துப் பெருக்கிக் கூட்டுங்கள், இரண்டுக்கும் 13.05 என்றே விடை வரும். வயதுச் சீரமைப்பு என்று அறிக்கைகளில் வருவது இந்தக் கணக்குதான்.

மாவட்டத் தாளில் நோய் விகிதம் வயது வாரியாக அச்சிடப்படுவதில்லை என்பதால் வீட்டிலிருந்தபடி இதைச் செய்ய முடியாது. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. வயது எல்லை குறுகிய வரிகளை, எடுத்துக்காட்டாக 15 முதல் 49 வயதுப் பெண்களின் உடல் நிறை குறியீட்டையும் (உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு) இரத்தசோகையையும், முதலில் ஒப்பிடுங்கள். அவற்றில் முதியோர் தொகையின் தாக்கம் வராது. ஆண்களுக்கு அந்த வரிகளை மாவட்டத் தாளில் தேட வேண்டாம். ஆண்களிடம் மாதிரியின் ஒரு பகுதியில்தான் கேட்டார்கள் என்பதால் அவை மாநிலத் தாளில் மட்டுமே இருக்கும்.

வயதைச் சீர்செய்த பிறகும் மறையாத வேறுபாடுகளே நம் கவனத்துக்கு உரியவை. 2012-16க்கான புற்றுநோய்ப் பதிவேடுகளில், வயது சீரமைத்த ஆண்கள் விகிதம் மிசோரமின் அய்ஸால் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு 269.4, மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் பகுதியில் 39.5. ஏழு மடங்கு வித்தியாசத்தை வயது விளக்கவில்லை. மராட்டியக் கிராமங்களில் சில நோயாளிகள் பதிவேட்டுக்கு வராமலே போயிருக்கலாம் என்று கழித்தாலும் எஞ்சுவது பெரியது. மிசோரமில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 72.9 சதவீதமும் பெண்களில் 61.6 சதவீதமும் புகையிலை பயன்படுத்துகிறார்கள். புகையிலைப் புகையை நீரில் செலுத்தி, அந்த நீரை வாயில் வைத்திருக்கும் ‘துய்பூர்’ என்ற வழக்கமும் அங்கே உண்டு. அங்கு இரைப்பைப் புற்றுநோய் மிகுந்திருப்பதற்குக் காரணம் தேடும் ஆய்வுகளில் புகையிலையோடு, புகையூட்டிய இறைச்சியும் உப்பு மிகுந்த உணவும் சேர்த்தே பேசப்படுகின்றன.

இரண்டு புள்ளி வித்தியாசத்துக்குச் சண்டை வேண்டாம்

பக்கத்து மாவட்டத்தில் 24, நம் மாவட்டத்தில் 27 என்றால் நாம் மோசமா? ஆய்வில் ஒரு மாவட்டத்துக்குச் சுமார் 900 குடும்பங்கள்; கிராமத்துக்கோ நகரத் தொகுதிக்கோ 22 வீடுகள் வீதம் எடுக்கப்பட்டவை. ஆயிரம் பேரை அளந்து 25 சதவீதம் என்று கிடைத்தால், மாதிரியின் தற்செயலால் மட்டுமே அது இருபுறமும் 2.7 புள்ளி வரை நகரக்கூடும். ஒரே தெருவில் வாழ்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் உண்மையில் 3 அல்லது 4 புள்ளி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இரண்டு மாவட்டங்களும் அப்படி நகரும் என்பதால், ஐந்து புள்ளிக்குக் குறைந்த வேறுபாட்டைச் சமம் என்றே நடத்துங்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் ஐம்பதுக்குக் குறைவானவர்களை வைத்துக் கணித்தது; நட்சத்திரக் குறி இருந்தால் இருபத்தைந்து பேர்கூடத் தேறவில்லை. தரவரிசைப் பட்டியல் போடுகிறவர்களை இந்தக் குறிகள் தடுத்து நிறுத்தியதாகத் தெரியவில்லை.

நோய் மிகுதியா, கண்டறிதல் மிகுதியா

தானாகச் சொல்லும் நோய்க்கும் அளந்து கண்ட நோய்க்கும் இடையில் பெரிய பள்ளம் உண்டு. 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், கடந்த 15 நாட்களில் உடல்நலமில்லாமல் இருந்ததாகச் சொன்னவர்கள் நாடு முழுவதும் 7.5 சதவீதம், கேரளத்திலோ ஏறத்தாழ நான்கில் ஒருவர். நாட்டிலேயே நீண்ட ஆயுள் கொண்ட மாநிலங்களில் ஒன்று, நாட்டிலேயே மிகுதியாக நோயைச் சொல்லும் மாநிலமாகவும் இருக்கிறது. அமர்த்திய சென் இந்த முரணை 2002இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார்: படிப்பும் மருத்துவ வசதியும் உள்ள இடத்தில் மக்கள் தங்கள் நோயை அறிகிறார்கள், அறிந்ததைச் சொல்கிறார்கள், வசதியற்ற இடத்தில் வலியும் சோர்வும் உடம்பின் இயல்பாகக் கருதப்பட்டுவிடுகின்றன.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் அருகில் ‘அ’ என்றோ ‘சொ’ என்றோ பென்சிலால் குறியுங்கள், அளந்தது, சொன்னது. மருத்துவமனைப் பதிவு எண்ணிக்கை எல்லாம் இரண்டாவது வகைக்கு நெருக்கமானவை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போல வீட்டுக்கே சென்று சோதிக்கும் திட்டம் ஒரு வட்டாரத்தில் சுறுசுறுப்பாக நடந்தால், அங்கே பதிவாகும் சர்க்கரை நோயாளிகள் கூடத்தான் செய்வார்கள். அந்த ஏற்றம் நல்ல செய்தி. பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் இதே நியாயம்: 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் அதைச் செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம், நாட்டில் 1.9 சதவீதம். தேடுகிற இடத்தில்தான் நோய் கிடைக்கும்.

சராசரிக்குள் இருக்கும் இரு கூட்டம்

தமிழ்நாட்டின் மாநிலத் தாளில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள், 12.6 சதவீதம் பேர் இயல்பைவிட மெலிந்தவர்கள், 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மூன்றையும் கூட்டினால் நூற்றைத் தாண்டுகிறது. அதாவது, எடை கூடியவர்களிலோ மெலிந்தவர்களிலோ ஒரு பகுதியினர் இரத்தசோகையும் உடையவர்களாகத்தான் இருந்தாக வேண்டும். ‘தமிழ்நாட்டுப் பெண்கள் குண்டாகிவிட்டார்கள்’ என்ற ஒற்றை வாக்கியம் எங்கே தவறுகிறது என்பது இந்த மூன்று எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாலே புரியும். அதுபோல, மாவட்டத்தில் புகையிலையும் மிகுதி, இரத்த அழுத்தமும் மிகுதி என்பதால், புகைப்பவர்களுக்கே அழுத்தம் வந்தது என்று முடிவுகட்டக் கூடாது. இருவரும் வேறு வேறு தெருக்காரர்களாக இருக்கலாம்.

பழக்கங்களையும் மொத்தமாக விடாமல் பிரித்துப் பாருங்கள். 2016-17 புகையிலை ஆய்வில் நாட்டில் 28.6 சதவீதம் பெரியவர்கள் புகையிலை பயன்படுத்தினர். அவர்களில் புகைப்பவர்களைவிட மெல்பவர்களே ஏறத்தாழ இருமடங்கு, 10.7க்கு 21.4. மென்று துப்பும் மாவட்டத்தில் பல் மருத்துவரும் வாய்ப் புண்ணைப் பார்க்கத் தெரிந்த செவிலியரும் வேண்டும். பீடி பிடிக்கும் மாவட்டத்தில் நுரையீரலைச் சோதிக்கும் கருவி வேண்டும். மொத்த விகிதம் இரண்டு மாவட்டங்களிலும் ஒன்றாக இருந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்க வேண்டியது ஒன்றாக இருக்காது.

இவ்வளவும் முடித்தபின் எழுதும் வாக்கியத்தில் ஐந்து விவரங்கள் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்: யார், எந்த வயது, எந்த ஆண்டு, அளந்ததா சொன்னதா, எதோடு ஒப்பீடு. மாநில அளவில் ஒரு மாதிரி தருகிறேன். மாவட்ட எண்களை வைத்து உங்களுடையதை எழுதிக்கொள்ளலாம். ‘2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்போது வீட்டிலேயே இரத்தம் எடுத்துச் சோதித்ததில், 15 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களில் இரத்தச் சர்க்கரை 140ஐத் தாண்டியவர்களும் அதற்கு மருந்து எடுப்பவர்களும் கேரளத்தில் 27 சதவீதம், தமிழ்நாட்டில் 22.1 சதவீதம், இந்தியாவில் 15.6 சதவீதம், கேரளத்தில் முதியோர் பங்கு கூடுதல் என்பதால், வயதைச் சீர்செய்தால் இந்த இடைவெளி குறையக்கூடும்.’